வானத்தின் குத்தகைப் பணம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் வாழும் வீடு. 2024ஆம் ஆண்டில் ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15 என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டின் வங்கிக் கணக்கில் 280 டாலர் வந்து விழுந்தது. மனு போட வேண்டாம், யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால் போதும். தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்கார்பரோவிலும் வீடு வீடாக அந்தப் பணம் வந்தது. ஆனால் அது எதற்கான பணம் என்று கணக்கு அறிக்கையில் பல வங்கிகள் விளங்கும்படி போடவில்லை. அரசிடமிருந்து வரவு என்பதைத் தாண்டி எதுவும் சொல்லாத ஒரு சுருக்க வரி. சம்பளம், வீட்டு வாடகை, மளிகை, பேருந்து அட்டை என்று ஓடும் பட்டியலின் நடுவில் அதைப் பார்த்தவர்களில் பலர், ஏதோ வரிப்பணம் திரும்பியிருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோனார்கள்.

அது கார்பன் வரிப் பணம். பெட்ரோல், டீசல், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஆகியவை எரியும்போது வெளியேறும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கனடாவின் மத்திய அரசு 2019 ஏப்ரலில் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. 20 டாலரில் தொடங்கிய அது 2024இல் 80 டாலரானது. பெட்ரோல் போடும் இடத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 17.6 சென்ட். வசூலானதில் சுமார் 90 சதவீதம் அந்தந்த மாகாணத்துக் குடும்பங்களுக்கே திரும்பிப் போனது. பெரிய வீட்டையும் இரண்டு மூன்று கார்களையும் வைத்திருப்பவர் கட்டியது அதிகம். பேருந்தில் போகிறவர் கட்டியது குறைவு. திரும்பி வந்ததோ இருவருக்கும் ஒரே தொகை. கட்டியதையும் வந்ததையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கையில் மிஞ்சியது. வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கூடுதலாகவே மிஞ்சியது. நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலர் போட்ட கணக்கும் அதைத்தான் காட்டியது.

கணக்கு இவ்வளவுதான். அதன் அடியில் கிடக்கும் கேள்வி பெரியது. இந்தப் பணம் யாருடையது? அரசு மனமிரங்கி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த உதவியா, அல்லது அந்தக் குடும்பத்துக்குத் தொடக்கத்திலிருந்தே சேர வேண்டிய பங்கா? சமயமும் தத்துவமும் நெடுங்காலமாக நிலத்தையும் நீரையும் முன்வைத்துக் கேட்ட கேள்வி, இன்று காற்றை முன்வைத்துக் கேட்கப்படுகிறது.

திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏழைகள் பணக்காரர்களைவிடக் குறைவாகவே எரிக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் குளிர்நாடுகளில் ஏழை வீட்டு வருமானத்தில் எரிபொருளும் மின்சாரமும் தின்னும் பகுதி பெரியது. பழைய வாடகை வீட்டில் இருப்பவர் ஜன்னல் இடுக்கு வழியே சூடு வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலும் கொதிகலனும் வீட்டுக்காரருடையவை. மாதாமாதம் வரும் ரசீது மட்டும் அவருடையது. வரி ஏறினால் வசதியுள்ளவர் மின்சாரக் கார் வாங்கிவிடுவார், கூரையில் சூரியத் தகடு பதித்துவிடுவார். வாடகைக்கு இருப்பவருக்குக் குளிரில் இருப்பதும் கூடுதலாகக் கட்டுவதும்தான் வழி. ஏழை நாடுகளில் நிலைமை சற்றே மாறும். காரே இல்லாத வீட்டைப் பெட்ரோல் வரி நேராகத் தொடுவதில்லை. அதே வரி சமையல் எரிவாயுவின் மேல் விழுந்தாலோ, அடுப்பங்கரைப் பெண் மறுபடியும் விறகுப் புகைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஆக, கார்பன் வரி நீதியானதா அநீதியானதா என்பது வரியை மட்டும் பார்த்தால் தெரியாது. அந்தப் பணம் போகும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

பணம் போகும் இடமோ, வரிக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அபராதம் என்று பெயர் வைத்தால், தவறு செய்தவர் கட்டுகிறார், கஜானா வாங்கிக்கொள்கிறது, பிறருக்கு அதில் பேச்சில்லை. விலை என்று பெயர் வைக்கலாம். பிறர் தலையில் விழும் சேதத்தைச் சேதம் செய்பவரின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்று பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920இல் எழுதிய நூலிலிருந்து கிளைத்தது இந்தப் பார்வை. ஆனால் விலை என்று சொன்னதும் வேறொரு ஆபத்து வந்துவிடுகிறது. விலை கொடுத்தவருக்கு உரிமை வந்துவிட்டதாகத் தோன்றும். கியோட்டோ காலநிலை மாநாடு நடந்த 1997 டிசம்பரில் மெய்யியலாளர் மைக்கேல் சாண்டல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைத்தான் எதிர்த்து எழுதினார். மாசுபடுத்தும் உரிமையை வாங்கி விற்கலாம் என்று ஆக்கிவிட்டால், செய்யக்கூடாத செயல் என்ற கூச்சம் போய், காசு கட்டினால் செய்யலாம் என்ற துணிச்சல் வந்துவிடும் என்பது அவர் கவலை.

போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலிலும் அந்தக் கவலை உண்டு. கார்பன் உரிமங்களின் வாணிபம் புதுவகைச் சூதாட்டமாக மாறலாம், செல்வ நாடுகள் தம் மிகைநுகர்வைத் தொடர அது சாக்காகலாம் என்று அதில் எச்சரித்தார். அதே பிரான்சிஸ் 2019 ஜூனில் எண்ணெய் நிறுவனத் தலைவர்களை வத்திக்கானில் சந்தித்தபோது, கார்பனுக்கு விலை வைத்தே ஆக வேண்டும் என்று பேசினார். இரண்டும் முரணாகத் தோன்றலாம். ஆனால் உள்ளே ஓடுவது ஒரே இழை. பொதுவில் உள்ளதைச் செலவழிப்பவர் அந்தச் செலவைத் தாமே சுமக்க வேண்டும். எளியவர் தலையிலோ பிறக்கப்போகும் தலைமுறையின் தலையிலோ இறக்கி வைக்கக் கூடாது. அவர் எதிர்த்தது சுமையை இடம் மாற்றும் தந்திரத்தை. அவர் கேட்டது சுமையை உரியவர் தோளில் ஏற்றும் ஏற்பாட்டை.

மூன்றாவது பெயர் ஒன்று இருக்கிறது. குத்தகை.

ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழகிய நடைமுறை. மீன்பாசி குத்தகை என்பார்கள். ஏலம் எடுத்தவர் மீனைப் பிடித்து விற்கலாம். ஏரி அவருடையதாகிவிடாது. அவர் கட்டும் பணம் அபராதமுமில்லை. மீன் பிடிப்பது குற்றமா என்ன? ஏரி ஊருக்குச் சொந்தம், அதனால் குத்தகைப் பணமும் ஊருக்குச் சேர வேண்டும் என்பதே அதன் நியாயம். ஊர்ப்பணத்தில் தன் பங்கு என்ன ஆனது என்று கேட்பவரை யாரும் யாசகர் என்று சொல்லமாட்டார்கள்.

வானமும் அப்படிப்பட்ட ஏரிதான். கரியமில வாயுவை ஏற்றுக்கொள்ள அதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் போனால் எல்லோருக்கும் கேடு. நூற்றைம்பது ஆண்டுகளாக அதைக் குத்தகையே கட்டாமல் சிலர் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தமிழில் புறம்போக்கு என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி இங்கே நினைவுக்கு வருகிறது. வரி விதிப்புக்குப் புறத்தே வைக்கப்பட்ட ஊர்ப் பொது நிலத்தின் பெயர் அது. எல்லோருக்கும் உரியது என்ற பொருள் தேய்ந்து, யாருக்கும் உரியதல்லாதது என்றாகி, கடைசியில் ஆளை வையும் சொல்லாகவே ஆகிவிட்டது. வானத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

பொதுச்சொத்தைப் பயன்படுத்துபவர் பொதுவுக்குக் கடன்பட்டவர் என்ற எண்ணம் பழையது. தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு மூன்றிலும் எல்லோருக்கும் பங்குண்டு என்பது இஸ்லாமிய நபிமொழி மரபில் வருகிற கருத்து. ஆங்கிலேயராகப் பிறந்து அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகளில் கலந்துகொண்ட தாமஸ் பெய்ன் 1797இல் இதைத் திட்டமாகவே வகுத்தார். நிலம் இயற்கையில் எல்லோருக்கும் பொது. அதை வளைத்து வேலி போட்டவர் மற்றவர்களுக்கு வாடகை தர வேண்டியவர். அந்த வாடகையைத் திரட்டி, 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டும், 50 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 10 பவுண்டும் கொடுக்க வேண்டும் என்றார். ஏழைக்கு மட்டும் கொடுத்தால் அது தர்மமாகிவிடும். எல்லோருக்கும் கொடுப்பதால்தான் அது உரிமையாகிறது என்று அவர் பிடிவாதமாக நின்றார். பீட்டர் பார்ன்ஸ் என்ற அமெரிக்கர் 2001இல் 'வானம் யாருக்குச் சொந்தம்?' என்ற பொருள்பட ஒரு நூல் எழுதி, அதே நியாயத்தைக் காற்றுக்கு நீட்டினார். எண்ணெய் வருவாயிலிருந்து 1982 முதல் தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்குத்தொகை கொடுத்துவரும் அலாஸ்கா மாநிலம் அவர் கண்முன் இருந்த உதாரணம்.

இந்த நியாயம் மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்ஸ் சாட்சி.

அங்கே 2018இல் கார்பன் வரி டன்னுக்கு 44.6 யூரோ. 2019 ஜனவரி 1 அன்று டீசல் லிட்டருக்கு 6.5 சென்ட் ஏற இருந்தது. அதே 2018இன் தொடக்கத்தில்தான் எம்மானுவேல் மக்ரோன் அரசு பெருஞ்செல்வர்கள் மீதான சொத்து வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டுமான வரியாக அதைச் சுருக்கியிருந்தது. ரயில் நின்றுபோன, மருத்துவமனையும் தபால் நிலையமும் மூடப்பட்ட சிறு ஊர்களில் இருப்பவர்களுக்குக் காரில்லாமல் வேலைக்குப் போக வழியில்லை. பல ஆண்டுகள் டீசல் கார் வாங்கும்படி அவர்களைத் தூண்டியதும் அரசின் வரிக்கொள்கைதான். நவம்பர் 17 அன்று நாடு முழுவதும் சுமார் 2,80,000 பேர் சாலைகளுக்கு வந்தார்கள். வண்டி பழுதானால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு காரிலும் சட்டப்படி வைத்திருக்கும் மஞ்சள் மேலங்கியை எடுத்து அணிந்துகொண்டு வட்டச் சந்திப்புகளில் நின்றார்கள். ஆபத்தில் இருக்கிறேன், என்னைப் பாருங்கள் என்று சொல்லும் உடை அது. உலகம் முடியும் நாளைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள், எங்களுக்கு மாதம் முடியும் நாளே பெரும்பாடு என்பது அவர்கள் முறையீட்டின் சாரம். டிசம்பர் முதல் வாரத்தில் வரி உயர்வு கைவிடப்பட்டது.

அவர்களைச் சுற்றுச்சூழல் விரோதிகள் என்று சொல்வது அநியாயம். குத்தகைப் பணத்தை ஊரெல்லாம் கட்டியிருக்கிறது. அதில் தங்கள் பங்கு எங்கே என்பது யாருக்கும் தெரியவில்லை. பெருஞ்செல்வருக்கு மட்டும் வரி தள்ளுபடி. எந்த ஊரில் இது நடந்தாலும் பஞ்சாயத்து கூடத்தான் செய்யும்.

ஈரான் இதை வேறு விதமாகக் காட்டியது. அங்கே நடந்தது கார்பன் வரி இல்லை, எரிபொருள் மானியக் குறைப்பு. ஆனால் ஏழை வீட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். 2010 டிசம்பரில் பெட்ரோல், டீசல், எரிவாயு விலைகளை அரசு பல மடங்கு உயர்த்தியது. உயர்த்துவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போடப்பட்டிருந்தது. கண்ணால் பார்க்கலாம், விலை ஏறும் நாள் வரை எடுக்க முடியாது. பிறகு மாதம் ஆளுக்கு 4,55,000 ரியால் என்று தொடர்ந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர். பெரிய குடும்பமுள்ள கிராமத்து ஏழைக்கு அது கணிசமான வருமானம். பெருங்கலவரம் எதுவும் இல்லை. முதல் ஆண்டில் வறுமையும் ஏற்றத்தாழ்வும் குறைந்தன. பிறகு பொருளாதாரத் தடைகளும் ரியாலின் வீழ்ச்சியும் சேர்ந்து அந்தத் தொகையின் மதிப்பைத் தின்றுவிட்டன.

2019 நவம்பரில் அதே நாடு மீண்டும் பெட்ரோல் விலையை ஏற்றியது. இந்த முறை முன்னறிவிப்பின்றி நள்ளிரவில். பணம் பிறகு வரும் என்று வாக்குறுதி மட்டும். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கி பதில் சொன்னது. 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. நாடும் எரிபொருளும் மாறவில்லை. முன்பு பங்கு கணக்குக்கு வந்த பிறகு விலை ஏறியது. பின்பு விலை முதலில் ஏறியது, பங்கு பிறகுதான் என்றார்கள். ஒன்பது ஆண்டு இடைவெளியில் மனிதர் மேல் அரசு வைத்த மரியாதை எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை அந்த வரிசை மாற்றமே காட்டிவிடும்.

பங்கு என்று ஒப்புக்கொண்ட பிறகும் பாகப்பிரிவினை எளிதில்லை. ஒன்டாரியோவின் 280 டாலரைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். முதல் பெரியவருக்கு 140, துணைக்கு 70, பிள்ளைகளுக்குத் தலா 35. வானம் எல்லோருக்கும் சமம் என்றால் பிள்ளைக்கு ஏன் கால் பங்கு? வீட்டுச் செலவு எப்படி ஏறுகிறது என்ற கணக்கிலிருந்து பிறந்த பிரிப்பு அது. உரிமை என்ற கணக்கிலிருந்து பார்த்தால் பதில் கிடையாது. சூடாகிப்போன பூமியில் மற்ற எல்லோரையும்விட நீண்ட நாள் வாழப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். சுவிட்சர்லாந்து இங்கே நேர்மையாக நடந்துகொள்கிறது. 2008 முதல் வீட்டைச் சூடாக்கும் எரிபொருள் மீது வாங்கும் வரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பிக் கொடுக்கிறது. மக்களுக்குச் சேர வேண்டியதில், நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் வங்கி அதிபருக்கும் ஒரே தொகை. ஆனால் அது மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் கழிவாக ஒளிந்துகொண்டு வருவதால், வருவதே பலருக்குத் தெரியாது என்று ஆய்வுகள் காட்டின.

சமபங்கு எல்லோருக்கும் நியாயம் செய்வதுமில்லை. பேருந்தே வராத பண்ணைக் குடும்பம் விரும்பிக் கார் ஓட்டுவதில்லை. கனடா கிராமப்புறத்தாருக்கு 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது. 2024இல் அதை 20 ஆக்கியது. 2023 அக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு கொடுத்தபோது, எரிவாயுவால் சூடாக்குகிற சஸ்காட்சவன் மாகாணம் எங்களுக்கு மட்டும் குளிராதா என்று கேட்டு, எரிவாயு மீதான கட்டணத்தை வசூலிக்கவே மறுத்தது. இன்னொரு ஓட்டையும் இருந்தது. அதற்குக் கூச்சலிட ஆளில்லை. வரிக்கணக்கு தாக்கல் செய்யாதவருக்குப் பங்கு கிடையாது. வருமானமே இல்லாதவர், நிரந்தர முகவரி இல்லாதவர், தொலைவிலுள்ள பூர்வகுடிக் கிராமத்தவர் போன்றோர்தான் தாக்கல் செய்யாமல் விடுகிறவர்களில் அதிகம். யாருக்கு அந்த 140 டாலர் மிகவும் தேவையோ, அவருக்கே கதவு சாத்தியிருந்தது.

இதைவிடப் பெரிய கதவு நாட்டின் எல்லை. காற்றுக்கு எல்லை இல்லை, பங்குக்கு மட்டும் இருக்கிறது. கனடாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு வெளியாகிறது. இந்தியாவில் சுமார் 2 டன். 1991இலேயே டெல்லியின் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைத் துணிந்து எழுதினார்கள்: காற்றில் ஒவ்வொரு மனிதருக்கும் சம உரிமை உண்டு, ஏழை விவசாயியின் நெல் வயலிலிருந்து வரும் வாயுவையும் பணக்கார நாட்டுக் காரிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. இரண்டு ஆண்டு கழித்து மெய்யியலாளர் ஹென்றி ஷூ அதற்குத் தத்துவ உருவம் கொடுத்தார். உயிர் பிழைக்க வெளியேற்றுவது வேறு, சொகுசுக்கு வெளியேற்றுவது வேறு என்றார். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கனடாவின் குத்தகைப் பணத்தில் ஒரு பகுதி அந்த ஏரியின் மறுகரையில் இருப்பவருக்கும் சேர வேண்டியது. அந்த ஏற்பாட்டில் அதைக் கொண்டுசேர்க்க வழி இருக்கவில்லை.

மறுகரையில் இருக்கும் இந்தியா மட்டும் தன் பங்காளிகளை நினைத்ததா? 2010இல் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி வந்தது. நெய்வேலியில் வெட்டிய கரியும் அதற்குள் வந்தது. 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய். கார்பன் வரி என்ற பெயர் இல்லாத கார்பன் வரி அது. தூய எரிசக்தி நிதிக்கென்று தொடங்கிய அந்தப் பணம், 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது. மின்கட்டணத்தின் வழியாக அந்த வரி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பங்கு எந்த வீட்டுக்கும் போகவில்லை. நூறு ஆண்டுக்கும் மேலாக நிலத்துக்கடியில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும் ஜார்க்கண்டின் ஜாரியாவில், 200 கிலோவுக்கும் மேல் கரி மூட்டைகளைச் சைக்கிளில் கட்டி, மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே மைல்கணக்கில் போகும் ஆண்களை இன்றும் காணலாம். நாடு எரித்த நிலக்கரிக்கு வந்த வரியில் அந்தச் சைக்கிளைத் தள்ளியவருக்கென்று ஒரு வரவு எழுதப்பட்டதே இல்லை.

கனடாவில் கதை முடிந்த விதம் இதையெல்லாம் மீண்டும் நினைக்க வைக்கிறது. வரியை வெட்டு என்ற கோஷம் எதிர்க்கட்சியின் கையில் பெருந்தீயாகப் பரவியது. பெட்ரோல் போடும்போதெல்லாம் விலை கண்ணில் பட்டது. வந்த பங்கு கண்ணில் படவே இல்லை. வங்கிகள் அந்த வரவைப் பெயர் சொல்லிப் போட வேண்டும் என்று 2024 நடுவில் சட்டத்தையே திருத்தினார்கள். காலம் கடந்திருந்தது. 2025 மார்ச் 14 அன்று பிரதமராகப் பதவியேற்ற மார்க் கார்னி, கார்பனுக்கு விலை வேண்டும் என்று பல ஆண்டு வாதிட்டவர். அன்றே குடும்பங்கள் மீதான கட்டணத்தை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். பெருந்தொழில்கள் மீதான கட்டணம் மட்டும் தொடர்ந்தது. ஏப்ரல் 1 அன்று பெட்ரோல் விலை இறங்கியது. ஏப்ரல் 22 அன்று கடைசித் தவணை வந்தது.

ஜூலை 15 வந்தது. ஸ்கார்பரோவில் இரண்டு கார் வைத்திருக்கும் வீட்டுக்கு மாதம் பெட்ரோலில் கொஞ்சம் மிச்சம். காலையில் பேருந்து பிடித்து வேலைக்குப் போகிற தாய்க்குப் பெட்ரோல் இறங்கியதால் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அவர் கணக்கு அறிக்கையில் வாடகைக்கும் மளிகைக்கும் நடுவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த அந்த வரி மட்டும் இல்லை.